காய்ச்சல் எத்தனையாவது நாள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதே வேகத்தில் போயும்விடும். லேபில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனால் இந்த ஒரு கோபம் இரண்டு வருடமாக ஆறவில்லை.

நான் தில்லியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பதினைந்து வருட சர்வீஸ். என் கணவர் மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அவருக்கு நாய்ப் பைத்தியம். மாலையில் தெருநாய்களுக்கு ரொட்டி போட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அவற்றின் காதிலிருக்கும் உண்ணிகளை வெறுங்கையால் பிடுங்குவார். கையுறை போடச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொள்வேன். "நாய்க்கு அது பிடிக்காதுடி" என்பார்.

ஒரு ஆகஸ்ட் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு, மலேரியா, டைபாய்டு மூன்றும் பார்த்தோம், எதுவும் இல்லை. நாய் விஷயத்தைக் கேட்ட டாக்டர், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான மாத்திரையை உடனே ஆரம்பித்து, அதற்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். நான்காம் நாள் காலை நானே ரத்தம் எடுத்து, நானே படிவம் நிரப்பி, நானே சோதித்தேன். நெகட்டிவ்.

ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கும் நிம்மதி. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. அது கண்ணில் படும் அளவுக்குச் சேர ஒரு வாரம் ஆகும், சிலருக்குப் பத்து நாள்கூட ஆகும். நான்காம் நாள் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். சந்தேகம் இருக்கும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

ஏழாம் நாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புத் தடிப்புகள். எட்டாம் நாள் என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். ஐசியுவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ், முழங்காலுக்குப் பின்னால் கறுத்துப் பொருக்குத் தட்டிய ஒரு சின்னப் புண்ணைக் காட்டினாள். உண்ணி கடித்த இடம். அந்தப் பொருக்கை எடுத்து, கிருமியையே நேராகத் தேடும் சோதனைக்கு அனுப்பியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நானோ அவருடைய காலை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நிறுத்திய மருந்தை இப்போது ஊசியில் ஏற்றினார்கள்.

மறுநாள் நேராக லேப் மேனேஜரிடம் போனேன். ஹரியானாக்காரர், என்னைவிட இளையவர். "நெகட்டிவ்னு கொட்டை எழுத்துல அடிக்கிறீங்க. முதல் வாரத்துல இதை நம்பாதீங்கன்னு ஒரு வரி சேர்த்தா உங்க பேப்பர் தேஞ்சு போயிடுமா" என்று இந்தியில் கத்தினேன். டாக்டரையும் சேர்த்துத் திட்டினேன். மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"மேடம்ஜி, அந்த வரி இருக்கு. படிவத்துல காய்ச்சல் எத்தனையாவது நாள்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நம்பர் போட்டா தானா அடிச்சு வரும்."

அந்தக் கட்டத்தில் நாங்கள் யாருமே நம்பர் போடுவதில்லை. வெளியே கூட்டம் நிற்கும்போது, நேற்றா, முந்தாநாளா என்று நோயாளியோடு யார் மாரடிப்பது. காலியாக விட்டால் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார், ஒரு கோடு இழுத்திருந்தால் பேசாமல் ஏற்றிவிடுவார். அதனால் எல்லோரும் கோடு. அந்த எச்சரிக்கை வரியை எங்களில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

மேனேஜர் என் கணவரின் படிவத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் கோடு, என் பேனாவால் இழுத்தது. அந்தக் காய்ச்சலை ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தவள் நான். நான்கு என்று எழுத நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பிழைத்தார். இடது காது மட்டும் போய்விட்டது. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "வீட்டுக்காரி லேப்ல இருந்ததாலதான் பொழச்சேன்" என்று பெருமை பேசுவார். பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். லேபில் கோடு போட்ட படிவங்களை நான் இப்போது தூக்கி எறிகிறேன். நான் லீவு போட்டால் மறுபடி கோடுதான்.

எட்டு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வலப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்த வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். 

"விடுடி. ஆபீஸ்ல நாங்க மட்டும் என்ன பண்றோம்? எல்லாரும் போடுற கோடுதானே" என்றார்.

டாக்டர்மேலும் மேனேஜர்மேலும்கூட வராத அளவுக்குக் கோபம் எனக்கு அவர்மேல் வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். என்னை மன்னிப்பதாக நினைத்துக்கொண்டு, தன் காதைப் பறித்த காரியத்துக்கே அவர் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார்.