அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்?

சரோஜா அக்காவுடன் பணியாற்றியவர்களும், அவர் கையால் தேறி எழுந்தவர்களும் முதலில் இவற்றைப் படிக்க வேண்டும்.

1. ஆடி 3: பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் இழந்த அக்காவை, சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அன்று அவர் முதுகில் புண் இல்லை.

2. ஆடி 9: உள்ளங்கை அகலத்தில் படுக்கைப்புண். கேட்டபோது, "வயசான உடம்புல வரத்தான் செய்யும் சார்" என்றார்கள்.

3. ஆடி 12: பகல் இரண்டு மணிக்கு, புண் வளராதிருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததாகச் செவிலியர் குறிப்புத்தாள் சொல்கிறது. அந்நேரம் அவர் என்னுடன் ஸ்கேன் அறை வாசலில், ஸ்ட்ரெச்சரில் இருந்தார்.

ஆடி 14 காலை, விருதுநகர் ரயில் நிலையத்தில் என் மகளுக்காகக் காத்திருந்தபோது, "கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்" என்று போன் வந்தது. இறந்த செய்தியை அப்படித்தான் சொல்வார்கள் என்று அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அவர் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியாக இருந்தவர். ஒரு பட்டாசு விபத்தன்று கட்டில்கள் நிரம்பி வழிந்தன. சிலரை உரிய நேரத்தில் புரட்ட முடியவில்லை. குறிப்புத்தாளில் அந்த வேளைகளுக்கான கட்டங்களைக் காலியாகவே விட்டார். மேலதிகாரி நிரப்பச் சொன்னதற்கு, "செய்யாததச் செஞ்சதா எழுத மாட்டேம்மா. காலியாக் கெடந்தாத்தான் அடுத்து வர்றவ பதறிப்போய்ப் புரட்டுவா" என்றாராம். பிறகு வந்த மெமோவை என்னிடம் காட்டி, "பாருலே, உண்மை எழுதுனதுக்கு சர்டிபிகேட்டு" என்று சிரித்தார்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த ஒரு தாய், வெந்த மகனைத் தொட அஞ்சி நின்றார். "நான் தோளப் புடிச்சுக்கிறேன், நீங்க இடுப்பத் தாங்குங்க" என்று அக்காதான் அவர் கையைப் பிடித்துப் பழக்கினார். மகன் பிழைத்தான். இறுதிச் சடங்குக்கு வந்த அந்த அம்மாள், குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சிஸ்டர யாருய்யா பெரட்டிப் போட்டா?"

மறுநாள் குறிப்புத்தாள்களின் நகலைக் கேட்டு வாங்கினேன். பதினொரு நாள்களிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. இரவு பகல் எல்லா வேளைக்கும் ஒரே மை, எழுத்தில் ஒரே சாய்வு. தினமும் மாலையில் நீட்டப்பட்ட அந்தத் தாள்களில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய நான், அவற்றில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

ஆடி 11 அன்று நான் கையெழுத்திடும்போது, அக்கா தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பாசம் என்று நினைத்தேன். சிரித்தபடியே கையை விடுவித்துக்கொண்டு கையெழுத்திட்டேன். இன்று அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் பிடி ஒன்றுதான்.

அந்தத் தாள்களை எழுதியவர் யார், எப்போது எழுதினார், ஒவ்வொரு வேளையும் அக்காவைப் புரட்டியவர் யார் என்று, மருத்துவமனை நிர்வாகம் ஆவணி 10 மாலை ஐந்து மணிக்குள் எனக்கு எழுத்துமூலம் பதில் தர வேண்டும். என் பதினொரு கையெழுத்துகளுக்கு நான் தர வேண்டிய பதிலையும் அதே நாளில், அதே நேரத்துக்குள், அந்த ஏழாயிரம்பண்ணை அம்மாளுக்கு எழுதிக் கொடுப்பேன்.