பெட்டி கத்திய நேரம்

உரிமம் போய்விடுமோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பயம். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து மரவள்ளியும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் இறங்குகிற பிக்கப் வண்டிக்காரன் நான். வேகமாகப் போய் இரண்டு முறை மாட்டியிருந்தேன். இன்னொரு தடவை மாட்டினால் உரிமத்தை முடக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்டாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

அடிவாரத்து நேர் ரோட்டில் புளியமரத்தடியில் போலீஸ்காரர் லேசர் துப்பாக்கியோடு நிற்பார். குறி பார்த்து ஓர் அழுத்து அழுத்தினால் வேகம் திரையில் வந்துவிடும். இதைச் சமாளிக்க என் மச்சான் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கித் தந்தான். லேசர் பட்டால் கத்துமாம். அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முன்கண்ணாடியோரம் வைத்தேன். யாராவது வண்டிக்குள் எட்டிப் பார்த்தாலே துண்டைப் போட்டு மூடினேன்.

அன்று மலையிறங்கி முடிக்கும்போது, எதிரே வந்த பஸ்காரர் இரண்டு முறை லைட் அடித்தார். முன்னால் போலீஸ் என்பதற்கு எங்களுக்குள் அதுதான் சைகை. பெட்டிதான் சும்மா இருக்கிறதே, பிறகென்ன என்று ஆக்சிலேட்டரை அழுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேர் ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும். தை மாதத்தில் எங்கள் பக்கம் ரோடுதான் களம். மெல்ல உருட்டிக்கொண்டு போவதுதான் முறை. ஓர் அம்மா குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போக இடமிருந்தது. அப்போது பெட்டி கத்தியது.

நான் அந்த அம்மாவைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தேன். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. செடிமேல் சக்கரம் வழுக்கி, வண்டி நேராக அவர் பக்கம் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்தார். ஐயோ, கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

போலீஸ்காரர் ஓடி வந்தார். பெட்டியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இது கத்தறதுக்குள்ள வேகம் எங்கிட்ட வந்துருதுங்க," என்றார்.

செடிமேலேயே உட்கார்ந்துவிட்ட அந்த அம்மா, அது என்ன பெட்டி என்று அவரிடம் கேட்டார். அவர் சொன்னதும் அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"போலீசக் காட்டுனது, என்னையக் காட்டலீங்களா சாமி?"

உரிமத்தை நானே எடுத்து நீட்டினேன். அது கை தவறிக் கொள்ளுக்குள் விழுந்தது. அந்த அம்மாதான் தேடி எடுத்துக் கொடுத்தார்.