அறுபது உடம்பு, ஒரு கைகூட இல்லை

கென்யாவில் ஓல் கலோ ஊர்ச் சந்தையில் கதோனியின் பின்னல் மெஷின் கரகரக்காத நாள் கிறிஸ்துமஸ் ஒன்றுதான். மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் பதினெட்டு வருஷமாகப் போட்டுக்கொள்ளும் அரக்கு நிற ஸ்வெட்டர் அத்தனையும் அவள் பின்னியது. புருஷன் நைவாஷா பூப்பண்ணைக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த மெஷின்தான் அவளுக்குப் புருஷன், மாமியார், மச்சான் எல்லாம். சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுக்காமல் இருந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்த ஜனவரியில் அவள் மகள் வச்சேராவுக்கே அந்த விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. நல்ல மார்க். அதைக் கதோனி சொல்லாத ஆள் சந்தையில் கிடையாது. ஆட்டுக்குட்டி விற்க வந்தவனைக்கூட நிறுத்திச் சொன்னாள்.

புதிதாகச் சேரும் அறுபது பேருக்கும் ஸ்வெட்டர் அவள் பொறுப்பு. அவள் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. மெஷினில் ஊசிகளை ஒருமுறை எண்ணி வைத்துவிட்டால் முதலில் அறுபது முதுகு, அடுத்து அறுபது மார்பு, கடைசியில்தான் கை. ஊசியை மாற்றி மாற்றி வைக்கிற நேரம் மிச்சம். முதுகும் மார்பும் முடிந்து, கைக்கு நூல் வாங்க நகுரு மொத்தக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கிமானி கையை விரித்தார்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் அரக்கா? அது செத்துப்போச்சும்மா. ஆலையில நிறுத்திட்டாங்க."

"நிறுத்திட்டாங்களா? எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"உனக்குத் தனியா கடுதாசி போடுவாங்களா? இந்தா, அம்பத்திரண்டு இருக்கு. அதுக்குத் தம்பி மாதிரிதான்."

தம்பியாம் தம்பி! வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் கத்தரிப்பூ நிறம் பல்லை இளித்தது. நைரோபி வரை போய் நாலு கடை ஏறி இறங்கினாள். ஒன்று செங்கல் நிறம், ஒன்று ரத்தச் சிவப்பு. வேறு வழியில்லாமல் ஐம்பத்திரண்டையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அறுபது உடம்பு கிடந்தது, ஒரு கைகூட இல்லை. ஒவ்வொன்றாகப் பின்னி முடித்திருந்தால் நாற்பது ஸ்வெட்டராவது தேறியிருக்கும். பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு விற்கிற ஞோகி எட்டிப் பார்த்தாள். அவள் மகளும் அதே வகுப்பில்தான் சேருகிறாள்.

"ஏன் வச்சேரா அம்மா, இந்த வருஷம் பிள்ளைங்க கையை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வரணுமா?"

கதோனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் விடுதியைக் கவனிக்கும் செரோனோ டீச்சரிடம் கெஞ்சினாள்.

"நிறம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா..."

"வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். பக்கெட் கொண்டுவரலன்னாலே அனுப்புறோம், உங்களுக்குத் தெரியாததா? ஒரு கட்டில் காலியானா வர்றதுக்கு ஆறு பேர் காத்திருக்காங்க."

இருதலைக் கொள்ளி எறும்பாகத் திரும்பினாள். பள்ளி திறக்க ஒன்பது நாள். இருபது உடம்பைப் பிரித்தால் அந்த நூலில் நாற்பதுக்குக் கை வைத்துவிடலாம். மீதி இருபது பேருக்கு முழுசாக அந்தக் கத்தரிப்பூத் தம்பிதான். உடம்பும் கையும் ஒரே நிறமாக இருந்தால் வாசலில் தப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. எந்த இருபது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தாய்மாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"சீட்டுக் குலுக்கிடலாம்" என்றாள்.

"குலுக்கப்போறது உன் கைதானே?" என்றாள் ஞோகி. "உன் பொண்ணு பேரு வராதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

கதோனிக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணு பேரைக் குலுக்கவே வேணாம். இருபதுல முதல் ஆளு அவதான். போதுமா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு மூடிக்கொண்டது. ஞோகி தலை குனிந்தாள். கதோனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீட்டைக் குலுக்கினாள். பாவி, அந்த நிமிர்வு அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிரித்த நூல் சுருட்டைமுடி மாதிரி நெளிந்து நின்றது. கெட்டில் ஆவியில் காட்டி நீவிச் சிட்டமாகச் சுற்றவேண்டும். வச்சேராதான் இரண்டு கையையும் நீட்டி நூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யாரோடதும்மா?"

"யாரோடதோ. ஆட்டாம பிடி."

ஒன்பதாம் நாள் காலையில்தான் கதோனி அந்தக் கத்தரிப்பூ ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். வச்சேரா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"மேகமூட்டமா இருந்தா நிறம் தெரியாதுடி. போட்டுக்கோ."

பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. தகரப்பெட்டி, மெத்தை, பக்கெட் என்று வரிசை நகர்ந்தது. செரோனோ டீச்சர் கையில் பழைய நாற்பத்தொன்றில் பின்னிய ஒரு துண்டு. ஒவ்வொரு பெண்ணின் தோளிலும் அதை வைத்துப் பார்த்தார். நாற்பது பேர் உள்ளே போனார்கள். இருபது பேர் ஓரமாக நின்றார்கள், வச்சேராவும் ஞோகியின் மகளும் அதில்.

"ஒரு வாரம் டைம் தர்றேன்" என்றார் டீச்சர். "இந்த நிறத்துல வந்தா கட்டில் இருக்கும். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

ஞோகி மகளின் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, யார் வீட்டிலாவது பழைய ஸ்வெட்டர் கிடைக்குமா என்று கேட்க ஓடினாள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். போகிற போக்கில் கதோனியைத் திட்டாதவர்கள் இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிறத்து நூல் எங்கேயும் இல்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வச்சேரா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பெட்டிமேல் வைத்தாள். வெயிலிலும் மேட்டுக் குளிர்காற்றில் மேல் சிலிர்த்தது.

"போட்டுக்கோடி, காய்ச்சல் வரும்."

"எல்லா அம்மாவையும் கூப்பிட்டு வச்சுக் கேட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ என் பொண்ணுடி..."

"அதனாலதானே கேக்கலை."

கதோனி பெட்டியின் ஒரு பக்கத்துப் பிடியைத் தூக்கக் குனிந்தாள். அதற்குள் வச்சேரா பெட்டியை ஒற்றை ஆளாகத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.