அப்பா நடந்து வந்த படம்

எனக்குச் சந்தேக புத்தி கூடவே பிறந்தது. காந்திபுரத்தில் ஒரு கல்யாண ஆல்பம் லேபில் டிசைனராக இருந்த மூன்று வருடங்களில் அது நன்றாக உரம் ஏறியது. முதலாளிக்கு எங்கள் மேல் சந்தேகம். கம்ப்யூட்டரில் பென்டிரைவ் சொருகும் ஓட்டைகளை எல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார். நாங்கள் செய்த பக்கம் ஒன்றுகூட எங்கள் கைக்கு வராது. ஆல்பத்தின் கடைசித் தாளில் ஸ்டுடியோவின் பெயர்தான் இருக்கும்.

அதனால் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது என் போர்ட்ஃபோலியோ என்பது, பைண்டிங்குக்குப் போகும் முன் போனில் திருட்டுத்தனமாகப் பிடித்த பதினோரு படங்கள். அவர்கள் சுட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொன்றின் மேலும் என் பெயரைக் குறுக்கே கொட்டை எழுத்தில் அடித்திருந்தேன். டிசைன் பிரிவின் தலைவர் லேப்டாப்பை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பேரு நல்லாத் தெரியுது. படம் எங்க?"

பெயரை நீக்கிக் காட்டினேன். ஒரு படத்தில் நின்றார். சர்ச்சின் நடுப்பாதையில் மணப்பெண்ணை அவள் அப்பா கைபிடித்துக் கூட்டி வருகிறார்.

"இதுல உங்க வேலை என்ன?"

"அந்த அப்பாதாங்க. அவரு கல்யாணத்துக்கு முன்னாடியே இறந்துட்டாரு. கூட்டிட்டு வந்தது சித்தப்பாங்க. உடம்பை அப்படியே வெச்சுட்டு முகத்தை மட்டும் மாத்துனேன்."

பெரிதாக்கிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், காதோரம் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடம் அகப்படவில்லை. பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சும்மா எடுத்த போட்டோ மாதிரி இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள ஒரிஜினலைக் கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் நம்பியிருப்பார். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும். பெயரில்லாமல் வேலை செய்து செய்து அலுத்துப் போயிருந்தேன்.

லேபில் கேட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். எனவே நேராக அந்தக் குடும்பத்தையே தேடிப் போத்தனூருக்கு டவுன் பஸ் ஏறினேன். மணப்பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் சிரித்தவர், ஒரிஜினல் போட்டோ என்றதும் முகம் மாறி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இல்லீங்க அம்மணி" என்றார். பொய் என்று எனக்குப் பட்டது. சொத்துத் தகராறோ என்னவோ என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"ஆருங்க அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளிருந்து ஒருவர் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் அழித்த முகம் அது.

"ஆல்பம் செஞ்ச பொண்ணு" என்றார் அம்மா.

அவர் என்னைக் கையோடு கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நிறுத்தினார். "எங்கண்ணனே எந்திரிச்சு வந்தாப்பல இருக்குது கண்ணு. முழுசும் கம்ப்யூட்டர்லயே செஞ்சுபோட்டயா? அன்னைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போனது நானு. கேமராக்காரன் கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டான். நான் நடந்து வந்த படம் ஒண்ணுகூட இல்ல."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, முழுசும் கம்ப்யூட்டர்தாங்க" என்றேன். அவருக்கு ஏதோ பழைய போட்டோ சரிசெய்ய வேண்டுமாம். என் நம்பரை வாங்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

சமையலறையில் அம்மா மெதுவாகச் சொன்னார். "அப்பா இல்லாத ஆல்பம் வேண்டாம்னு பாப்பா ஒரே அழுகை. இவரைக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாரு. கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல. கார்டு போச்சுன்னு கேமராக்காரனையே சொல்ல வெச்சுப்போட்டோம்."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். நான் சிரித்த முகமாகவே, "அப்ப அவருகிட்டயே கேட்டுக்கறனுங்க" என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. அம்மா பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பென்டிரைவை எடுத்தார்.

"வெளிய போயிராதுல்ல அம்மணி?"

"இன்டர்வியூ பண்ற ஒருத்தரு மட்டுந்தாங்க பாப்பாரு."

திரும்பும் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். வெறும் பென்டிரைவைக் கொடுத்து ஏமாற்றியிருப்பாரோ என்று சந்தேகம். படம் இருந்தது. சித்தப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு, கண் நிறைய நீரோடு நேராகப் பார்த்து நடந்து வருகிறார். இந்த முகத்தோடு லேபில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அழுகிறார் என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தலைவர் எழுந்தே விட்டார். வெளியே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினார். அப்புறம், "ரெண்டு ஃபைலையும் மெயில் பண்ணிடுங்க, ஆபீஸ் ரெக்கார்டுக்கு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினோரு படத்திலும் பெயரை அடித்துக்கொண்டு போனவள், அந்த இரண்டையும் பெயர் ஏதும் போடாமல் சுத்தமாக அனுப்பி வைத்தேன். மறுவாரமே வேலையில் சேர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டு படங்களையும் நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். முன், பின் என்று தலைப்பு. கீழே என் பெயர். முதலில் என் பெயரைத்தான் பார்த்தேன், பூரித்தும் போனேன். அதற்கப்புறம்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துவிடச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்தார்கள். அதற்குள் அது போக வேண்டிய இடமெல்லாம் போயிருந்தது.

மறுநாள் காலை சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. திட்டுவார் என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"கண்ணு, ஆரோ அந்த ரெண்டு படத்தையும் அனுப்பியிருந்தாங்க. பாத்தேன்."

"மன்னிச்சுக்கங்க, நான் வந்து..."

"அதை உடு கண்ணு. ஒண்ணு மட்டும் சொல்லு. எம் மூஞ்சி நல்லாத்தான வந்திருக்குது?"

"நல்லா வந்திருக்குதுங்க" என்றேன்.

"செரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.