பாப்அப் மூடிக்கொண்டபோது

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் கணவருக்குக் குரல் போய்விட்டது. தட்டச்சு செய்வதை உரக்க வாசிக்கும் பிரௌசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றை அவருக்காக எழுதினேன்.

அன்று தம்பானூர் வீட்டிலிருந்தபடியே, ஆன்லைனில் கணக்கு கற்பிக்கும் வேலைக்கு அவருக்கு நேர்காணல். முதல் கேள்விக்குப் பதில் தட்டச்சு செய்தவர், நடுவில் வீடியோவைக் கிளிக் செய்தார். வெளியே கிளிக் செய்ததும், அவர் எழுதிக்கொண்டிருந்த சிறு பெட்டியான பாப்அப் மூடிக்கொண்டது. திறந்தால் எழுதியது ஒன்றுமில்லை. மறுபடி எழுதினார். மறுபடியும் போயிற்று.

“சார், கேக்குதல்லே?” என்றார் கேள்வி கேட்ட அம்மாள், மலையாளம் கலந்த தமிழில்.

என் கணினியில் இப்படி ஆனதே இல்லையே! பிறகுதான் உறைத்தது. நிரலில் பிழை பார்க்கும் ஜன்னலைத் திறந்துவைத்தே நான் சோதித்திருந்தேன். அது திறந்திருந்தால் பாப்அப் மூடாது.

கேமரா முன் குனிந்தேன். “மேடம், தப்பு என்னோடது. கொஞ்ச நேரம் தருவீங்களா?”

“அதுக்கெந்தா? மெதுவா பண்ணுங்கோ.”

ஒவ்வோர் எழுத்தும் உடனே சேமிக்கப்படும்படி கணவரின் லேப்டாப்பிலேயே மாற்றினேன். இம்முறை மூடித் திறந்தபோது வரி அப்படியே இருந்தது. இயந்திரக் குரல் அவர் பதிலைச் சொல்லி முடித்தது.

வேலை கிடைத்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அவருக்காகவே செய்தேன் என்று பெருமைப்பட்டவள், அதுவரை ஒருமுறைகூட அவர் கையில் கொடுத்துப் பார்த்ததில்லை.