நூற்றியொரு குரோனர் சீட்டு

எனக்குப் பதினொரு வயதான வசந்தத்தில், அதுவரை இலவசமாக இருந்த ஒன்றுக்கு மாமா விலை வைத்தார். இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. அம்மாவின் தம்பியான அவர் நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள புருசெத்தில் எங்கள் வீட்டில் தங்கி, நகரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மாமாவையும் சேர்த்து, அங்கே படித்த தமிழ்ப் பொடியன்களுக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. சனிக்கிழமைகளில் எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் மற்றக் கல்லூரி அணிகளுடன் ஆடுவார்கள். பார்க்க ஒருவரும் போவதில்லை. ஆளில்லாத மைதானத்தில் யாருக்காக ஓடுவது என்று நான்கு பேர் அணியைவிட்டு நின்றுவிட்டார்கள். மீதி பதின்மூன்று பேர். இன்னும் மூவர் நின்றால் அணியே இல்லை.

மாமா கண்டுபிடித்த மருந்து, சீசன் ரிக்கெற்: எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு.

"சும்மா எண்டால் ஒருத்தரும் வரமாட்டினம். காசு குடுத்தவன் கட்டாயம் வருவான்."

விலையைத் தீர்மானிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஆறு ஆட்டங்கள். தனித்தனியாக என்றால் ஆட்டத்துக்கு இருபது குரோனர், ஆறுக்கும் சேர்த்து வாங்கினால் நூறு என்பது மாமாவின் கணக்கு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா குறுக்கிட்டார்.

"மொட்டையா நூறு எண்டு போடாதை. நல்ல காரியமெல்லே, நூற்றியொண்டு போடு."

கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் எங்கள் வீட்டிலிருந்து போகும் உறைகளில் உள்ள தொகை எப்போதும் ஒன்றில்தான் முடியும். அதனால் மாமாவும் மறுக்கவில்லை. எனக்கு வேறு சந்தேகம். மைதானத்துக்கு வேலியும் இல்லை, வாசலும் இல்லை.

"ரிக்கெற் இல்லாத ஆக்களை எப்பிடி மாமா மறிக்கிறது?"

"முதல்ல ஆக்கள் வரட்டுமடி. பிறகு மறிப்பம்."

மஞ்சள் அட்டையில் நாற்பது சீட்டுகளை வெட்டி எண் போட்டது நான்தான். மாமாவும் நானும் அடுக்குமாடிகளில் படியேறினோம். விற்பது இவ்வளவு சுலபம் என்று நினைக்கவில்லை. தமிழ் வீடுகளில் விலையைச் சொன்னதுமே எல்லாம் விளங்கிவிட்டது போல உள்ளே போய், நூறு குரோனர்த் தாளையும் ஒரு குரோனர் நாணயக் குற்றியையும் கொண்டுவந்து தந்தார்கள். சிலர் இரண்டு கைகளாலும் தந்தார்கள். மூன்று பேர் காசைத் தந்துவிட்டுச் சீட்டை வாங்காமலே கதவைச் சாத்தினார்கள். அவற்றைக் கீழே அவர்களின் தபால்பெட்டிகளில் போட்டேன். எங்கள் கட்டடப் பராமரிப்பாளரான நோர்வேஜியர் மட்டும் கேள்வி கேட்டார். மழை பெய்தால் ஆட்டம் உண்டா? அந்த ஒரு குரோனர் எதற்கு? எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும், பதில் தெரியவில்லை. "அப்படித்தான்" என்றேன். அவர் எல்லாப் பைகளையும் துழாவி அந்த ஒன்றைக் கண்டெடுத்தார்.

நாற்பதும் விற்றுத் தீர்ந்தன. மாமா முப்பது மடிப்புக் கதிரைகளை இரவல் வாங்கினார்.

முதல் சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. பராமரிப்பாளர் கோப்பிப் போத்தலோடு வந்து, நான் சரி பார்க்கும்வரை சீட்டை நீட்டியபடி நின்றார். ஓர் ஆட்டக்காரர் கட்டிக்கொள்ளவிருந்த அக்கா வந்திருந்தார். நான் மூன்றாவது ஆள். இருபத்தேழு கதிரைகள் சும்மா கிடந்தன.

காரணம் அறிய, அந்த வாரம், காசு தந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்திருந்த என் கொப்பியோடு தனியாகப் படியேறினேன். மூன்றாம் மாடி அன்ரி பதறிப்போனார்.

"ஐயோ பிள்ளை, நாங்கள் அண்டைக்கே தந்திட்டமே! மாமா எழுதேல்லையோ?"

"தந்தனீங்கள் அன்ரி. மட்ச் பாக்கத்தான் வரேல்லை."

"மட்ச்சோ? இந்தக் குளிருக்கையோ?" அன்ரி சிரித்தார். "பொடியள் நல்லா வரட்டும், அதுக்குத்தானே தந்தது." உள்ளே போனவர் பொரித்த ரோல்ஸ் இரண்டையும் இன்னொரு நூற்றியொன்றையும் என் கையில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமையும் பார்க்க வந்தது அதே மூன்று பேர்தான். ஆனால் எங்கள் அணி மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, இன்னொண்டும் வித்திட்டன். நாற்பத்தொண்டு!"

அன்ரி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். மாமா, நான் உள்ளங்கையில் வைத்த தாளையும் குற்றியையும் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் ஆட்டக்காரர் இரண்டு பேர் சப்பாத்தைக் கழற்றியபடி, அடுத்த சனிக்கிழமை தங்களுக்கு வேலை இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார்கள். மாமா கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்.

சீட்டுகள் எல்லாம் விற்றாயிற்று, மேலதிகமாகவும் ஒன்று. ஆட்டத்திலும் வென்றாயிற்று. இதற்கு மேல் அவருக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. அவரைச் சந்தோசப்படுத்துவதற்காக, அடுத்த வருசம் இருநூற்றியொண்டு போடுவம் என்றேன்.