வேன் எந்தப் பள்ளிக்குப் போகுது?

போன சனிக்கிழமை மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் மூச்சிரைக்க ஏறி இறங்கினேன். லிஃப்ட் பழுது. வழக்கம்போல.

கூட வந்தவர் சாந்தி டீச்சர். என்னோடு படித்தவர், இப்போது அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியை. அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்குப் பதிந்த பிள்ளைகளை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். "இப்படியே போனா ஸ்கூலையே மூடிடுவாங்க" என்று புலம்பினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கேட்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் நானும் ஒட்டிக்கொண்டேன். உதவி செய்யவா? அதெல்லாம் இல்லை... பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்!

பள்ளி ஒன்றும் மோசமில்லை. நல்ல தேர்ச்சி. அறிவியல் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை வைக்க அலமாரியில் இடமில்லை. பிறகு ஏன்?

ஆங்கில மோகம், மாண்டரின் மோகம், மொழிப்பற்று இல்லாமை — பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் காரணங்களுக்கா பஞ்சம்?

முதல் வீட்டில் ஓர் இளம் தாய். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. டீச்சர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் ஓகே டீச்சர். புவனா அக்கா வேன் உங்க ஸ்கூலுக்கு வருதா?"

"இல்லயே..."

"அப்ப எப்படி லா? அவருக்குத் துறைமுகத்துல வேலை, நான் ஃபேக்டரி. விடியறதுக்குள்ள கிளம்பிடுவோம். வேன் சீனப்பள்ளிக்குத்தான் போகுது. அங்கயே போட்டுடுறோம்."

அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. மேல்மாடியிலும் அதே! மொழிப்பற்றைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது.

கீழே புவனா அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். டிராஃபிக் லைட்டில் இடது பக்கம் திரும்பினால் சீனப்பள்ளி, வலது பக்கம் டீச்சர் பள்ளி. அவ்வளவுதான் தூரம்.

"கொஞ்சம் எங்க பக்கமும் திரும்பக்கூடாதா அக்கா?"

"பிள்ளைங்க இல்லாம எதுக்கு டீச்சர் திரும்பறது? சேரட்டும், வரேன்."

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும்! டீச்சர் முகம் வாடிப்போனது. எனக்கே மனது கஷ்டமாகிவிட்டது.

அப்போது வேனுக்குள்ளிருந்து ஒரு சிறுமி ஈரத் துணியோடு குதித்தாள்.

"உங்க மகளா? எந்த ஸ்கூல்ல போடப்போறீங்க?" என்றார் டீச்சர்.

"அடுத்த வருஷம்தான் ஒண்ணாம் ஆண்டு. சீனப்பள்ளிதான்... வேன் அங்கதானே போகுது!"

"அக்கா, வேனே உங்களோடதுதானே?" டீச்சர் விடவில்லை.

புவனா அக்கா கையிலிருந்த குழாய்த் தண்ணீர் அவர் காலையே நனைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்!

நேற்று டீச்சர் ஃபோன் செய்தார். புவனா அக்கா மகளைச் சேர்த்துவிட்டாராம். அவரைப் பார்த்து அந்த அடுக்குமாடியிலிருந்து இன்னும் பலர். அந்த இளம் தாயும் வந்தாராம். வகுப்பு தப்பித்தது!

"கோப்பையெல்லாம் காட்டினீங்களா?"

"எங்க? வேன் எத்தனை மணிக்கு வரும்னுதான் கேட்டாங்க."